மலைச்சரிவில் பிரேக்கை மட்டும் நம்பலாமா?

தன்னியக்கக் கியர் கொண்ட கார்களிலுள்ள ‘ஸ்போர்ட்’ எனப்படும் ‘எஸ்’ நிலையும், சுக்கானின் பின்புறமுள்ள ‘பேடில்’ நெம்புகளும் வேகப் பிரியர்களுக்கே உரியவை எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், அவற்றின் உண்மையான பெறுமதி இறக்கங்களிலேயே புலப்படுகிறது.

சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து றம்பொடை ஊடாகக் கம்பளைக்கு இறங்கும் வீதியை எடுத்துக்கொள்வோம். ‘டி’ நிலையில் செல்லும் கார் எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு உயர்ந்த கியரையே நாடுகிறது. அப்போது இயந்திரத்தின் எதிர்ப்பு குன்றுவதால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுமை பெரும்பாலும் பிரேக்கின் மீதே விழுகிறது. இடைவிடாது மிதிக்கப்படும் பிரேக் அளவுகடந்து சூடேறும். பிரேக் திரவம் கொதித்துக் குமிழ்கள் உண்டானால், மிதித்தாலும் கார் நிற்காத அபாயம் நேரிடும்.

‘எஸ்’ நிலை தாழ்ந்த கியரைக் கூடிய நேரம் பேணுகிறது. இடது நெம்பை இழுத்தால் கியர் ஒரு படி குறையும். வலது நெம்பு அதனைக் கூட்டும். ‘டி’ நிலையில் நெம்பை இழுத்தால், பல கார்கள் சிறிது நேரத்தில் தாமாகவே கியரை மாற்றத் தொடங்கிவிடும். ஆகவே, சரிவு ஆரம்பிக்கும் முன்னரே ‘எஸ்’ நிலைக்கு மாறிக் கியரைக் குறைத்துக்கொள்வதே முறையாகும். அவ்வேளை இயந்திரம் சற்று உரத்து ஒலிப்பது கோளாறன்று. நெம்புகளற்ற கார்களில் ‘எல்’ நிலையும், பல ஹைபிரிட் கார்களில் ‘பி’ நிலையும் இப்பணியை ஆற்றுகின்றன.

இவ்வசதி இருந்தும் அறியாமையால் உயிர்கள் பலியாகலாகாது. மலையகம் செல்லும் சாரதிகள் புறப்படுமுன் தமது காரின் கைந்நூலை ஒருமுறையேனும் படித்தறிவது அவசியமாகும்.