புது அம்பாசிடருக்கு முப்பது வருட வெயில்

பெட்டியைப் பிரித்ததும் பளபளவென்று வெளியே வந்திருக்கிறது ஒரு 1:43 அம்பாசிடர். இதை வெளுக்கவைத்து, துருப்பிடிக்கவைத்து, புழுதியில் குளிப்பாட்டப் போகிறோம். எவ்வளவு ஆனந்தமான வேலை! இடம், திருச்சி தென்னூரில் ஒரு மாடி அறை. மேசைமேல் ஹேர் ஸ்பிரே டப்பா, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு, பல்குத்தும் குச்சி. கிட்ட வாருங்கள்.

முதலில் கார் முழுக்கத் துரு நிறம். ஒரே பழுப்பு போதாது. கரும்பழுப்பு, செம்பழுப்பு, அங்கங்கே ஆரஞ்சு. காய்ந்ததும் வார்னிஷ். அதன்மேல் ஹேர் ஸ்பிரே, சன்னமாக இரண்டு தடவை. கடைசியாக அக்ரிலிக் வெள்ளை. இப்போதுதான் வித்தை! ஈரத் தூரிகையால் தடவத் தடவ, தண்ணீர் வெள்ளையைத் தாண்டி உள்ளே இறங்கி ஹேர் ஸ்பிரேயைக் கரைக்கிறது. குச்சியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளை செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்க்கிறது. வரைந்த துரு இல்லை இது, நிஜமாகவே உரிந்த பெயிண்ட்!

எங்கே சுரண்டுவது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். குளிர்நாட்டு மாடல்களில் சக்கர வளைவும் கதவின் அடிப்பட்டையும் அரித்துப்போயிருக்கும். பனிக்காலத்தில் அங்கே சாலையில் கொட்டும் உப்பு செய்கிற வேலை அது. திருச்சியில் பனியும் கிடையாது, கடற்காற்றும் கிடையாது. இங்கே காரைத் தின்பது வெயில்தான். பெயிண்டைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் புற ஊதாக் கதிரில் சிதைய, நிறமி சுண்ணாம்புத் தூளாக மேலே நிற்கும்; தொட்டால் விரலில் ஒட்டும். அதனால் கூரைக்கும் பானெட்டுக்கும் டிக்கியின் மேற்புறத்துக்கும் பளபளப்பே இல்லாத மேட் வார்னிஷ். கதவுகளில் கொஞ்சம் மினுமினுப்பு மிஞ்சலாம். துருவை ஐப்பசி மழைநீர் தேங்கும் கூரை விளிம்பிலும் கண்ணாடி ரப்பரின் ஓரத்திலும் மட்டும் வைக்கிறேன்.

அம்பாசிடர் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி. பழைய வண்டி என்றால் டிங்கரிங் பார்க்காமல் இருக்குமா? ஒரு கதவு மட்டும் வேறு வெள்ளை. மட்கார்டில் பட்டி வெடித்து, கீழே ரெட் ஆக்சைடு. இந்த ஒட்டுவேலை அமைந்துவிட்டால் பொம்மை சட்டென்று வண்டியாகிவிடுகிறது!

கணக்கை மறக்கக் கூடாது. இந்த அளவில் 1 மி.மீ. கீறல், நிஜக் காரில் 4.3 செ.மீ. வெட்டு. அதனால்தான் ஸ்பாஞ்சு: கிழித்த விளிம்பில் துளி பெயிண்ட் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்தபின் காரில் தொட்டால், கை வரைய முடியாத பொடிப் புள்ளிகள் விழும். புழுதிக்குக் காவிரி மணல் உதவாது, 0.1 மி.மீ. மணலே இங்கே 4 மி.மீ. சரளைக்கல். பேஸ்டல் சாக்கைப் பிளேடால் சுரண்டிய தூள்தான் சரி. அதிலும் ஸ்ரீரங்கம் பக்கம் ஓடும் வண்டிக்குச் சாம்பல் கலந்த வண்டல் நிறம். புதுக்கோட்டை ரோட்டுக்காரருக்குச் செம்மண். முன்கண்ணாடியில் வைப்பர் துடைத்த வளைவை மறைத்துவிட்டுத் தூவி, மறைப்பை உரிக்கும் அந்த நொடி... அடடா!

பானெட் நடுவில் ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் பாக்கி. காய்ந்து உதிர்ந்து வெளிர்மஞ்சள் கறை மட்டும் தெரியவேண்டும், நடுவே குங்குமம் இளஞ்சிவப்பாகக் கசிந்திருக்கவேண்டும். ஆக மெல்லிய தூரிகையை எடுத்தாயிற்று.