கடலடி மலைகளும் பார்மீன்களும்

வானளாவும் மலைகளைக் கண்டு வியந்த மனிதன், கடலுள் அமிழ்ந்து கிடக்கும் மலைகளை நெடுங்காலம் அறியாதிருந்தான். சமுத்திரத் தரையிலிருந்து பல ஆயிரம் மீற்றர் உயர்ந்தெழுந்தும் நீர்மட்டத்தை எட்டாத மலைகள் பல உள. அவற்றுட் பெரும்பாலானவை எரிமலைகளாகத் தோன்றியவை. சிலவற்றின் உச்சி அரிந்தெடுத்தாற்போலத் தட்டையாயிருக்கும். இத்தகைய மலைகளைப் பற்றி அமெரிக்கப் புவிச்சரிதவியல் அறிஞர் ஹரி ஹெஸ் 1946ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். அவை ஒரு காலத்தில் தீவுகளாய் நின்று, அலைகளால் அரிக்கப்பட்டு, பின்னர் அமிழ்ந்தவை.

இம்மலைகளுக்கும் மீனினங்களின் தோற்றத்துக்கும் என்ன தொடர்பு? முருகைக்கற் பார்களிலும் கரையோரப் பாறைகளிலும் வாழும் மீன்கள் தம் இருப்பிடத்தை விட்டு நெடுந்தூரம் செல்வது அரிது. ஆழ்கடல் அவற்றுக்குப் பாலைவனம் போன்றது. ஆயினும் முட்டையினின்று வெளிவரும் குடம்பிகள் நீரோட்டத்தில் வாரக்கணக்காக மிதந்து செல்லக்கூடியன. அப்பருவம் முடியுமுன் தங்குதற்கேற்ற பாறை கிடையாவிடின் அவை மடியும். மாரிகாலத்தில் வெள்ளம் நிறைந்த ஒழுங்கையைக் கிராமத்தவர் இடையிடையே கல்லிட்டுக் கடப்பதுபோல, பார்மீன்களும் கடலடி மலைகளைப் படிகளாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாகச் சமுத்திரத்தைக் கடக்கின்றன.

இதற்குச் சிறந்த சான்று தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில் உளது. பிறேசில் நாட்டின் விற்றோரியா நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 1,160 கிலோமீற்றர் தொலைவில் திரிந்தாதே என்னும் எரிமலைத் தீவு இருக்கின்றது. கரைக்கும் தீவுக்கும் இடையே கடலடி மலைகள் சங்கிலிபோல் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றின் உச்சிகள் இன்று 100 மீற்றருக்கும் குறைந்த ஆழத்திலேயே உள்ளன.

பனிக்கட்டிக் காலங்களில் நீரின் பெரும்பகுதி நிலத்திலே பனிக்கட்டியாய் உறைந்தது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைய நிலையிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது இம்மலையுச்சிகள் தீவுகளாய் வெளிப்பட்டன. அவற்றின் ஓரங்களில் ஆழங்குறைந்த பாறைகள் அமையவே, கரைமீன்கள் படிப்படியாகத் திரிந்தாதேயை அடையும் வழி பிறந்தது. பனிக்கட்டி உருகிக் கடல் உயர்ந்தபோது படிகள் மூழ்கின. ஆழத்தில் வாழவல்ல மீன்களுக்கு வழி எஞ்சியது. அலைமோதும் பாறைகளையன்றி வேறிடத்தில் வாழவியலாத சிறு மீன்களுக்கோ அது அறுந்தது. தாயகத்திலிருந்து பிரிந்த கூட்டங்கள் தமக்குள்ளேயே பெருகி, சிறிது சிறிதாக மாறுபட்டு, ஈற்றில் வேறினங்களாயின. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் கடல் பன்முறை தாழ்ந்தும் உயர்ந்தும் வந்தமையால், இவ்வழியும் பன்முறை திறந்து மூடியது.

ஹட்சன் பினெய்ரோ என்னும் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 2017ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை வலியுறுத்துகின்றது. அச்சங்கிலிக்கே உரிய மீனினங்களுட் பெரும்பாலானவை அண்மைக்காலப் பனிக்கட்டி யுகத்திலேயே தோன்றிய இளைய இனங்கள் என்பது அவர்கள் கண்ட முடிபு. ஆகவே, கடல் தாழ்ந்த காலத்தில் இணைத்த மலைகளே, கடல் உயர்ந்த காலத்தில் பிரித்துக் கூர்ப்புக்கும் இடமளித்தன. இணைப்பு மட்டுமே இருந்திருப்பின் புதிய இனம் பிரிந்திராது. பிரிவு மட்டுமே இருந்திருப்பின் கரைமீன்களுட் பல அத்தீவை அடைந்தே இரா.

கண்ணுக்குப் புலப்படாமையால் இம்மலைகளுக்குக் காவல் குறைவு. மிகையான மீன்பிடியும், உச்சிகளிற் படிந்த சுண்ணாம்புப் பாசிகளை அகழ்தலும் அவற்றுக்குத் தீங்கு விளைப்பன. 2018ஆம் ஆண்டில் பிறேசில் அரசாங்கம் திரிந்தாதேயைச் சூழ்ந்த கடலிற் காப்புப் பிரதேசங்களை அமைத்தது. எனினும், தீவை மட்டும் காத்தல் போதாது. இடையிலுள்ள படியொன்று பாழாகுமாயின், அதனை மிதித்துச் செல்லவேண்டிய மீன்களின் வழியும், அவற்றின் வழித்தோன்றல்களாக இனிப் பிறக்கவிருக்கும் இனங்களும் அதனோடு அற்றுப்போம்.