ஆய்வு நெறியாளரை அணுகுவது எப்படி?

ஆழ்வார்பேட்டையில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் முனைவர் பட்டம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் எழும். நெறியாளருக்கு என்ன எழுதுவது? பணத்துக்கு என்ன செய்வது? இரண்டுக்கும் நம் சென்னையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர் சீனிவாச ராமானுஜன். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் இருவருக்கு எழுதினார், உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16 அன்று ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். தம் வேலை, சம்பளம், படிப்பு பற்றிச் சில வரிகள். பிறகு ஹார்டியின் நூலில் 36ஆம் பக்கத்தைச் சுட்டி, அங்கு இன்னும் காணப்படவில்லை என்று சொல்லப்பட்டதைத் தாம் கண்டதாகக் குறிப்பிட்டார். தம் தேற்றங்களையும் இணைத்தார்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

1. நெறியாளரின் ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி.
2. உங்கள் ஆய்வுத் தலைப்பு பற்றி ஒரு பக்கச் சுருக்கம். வகுப்பறையில் திரட்டிய தரவு இருந்தால் அதையும் சேருங்கள்.
3. காலியிடம் உண்டா என்ற நேரடிக் கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களுக்கு மட்டுமே நெறியாளராக இருக்கலாம். எனவே மறுப்பு வந்தால் தலைப்பு மோசம் என்று பொருளல்ல, அடுத்தவருக்கு எழுதுங்கள்.

பணம்

ராமானுஜன் பணத்தைப் பற்றிப் பேசத் தயங்கவில்லை. தங்கள் பரிவான கடிதம் உதவித்தொகை பெற உதவும் என்று ஹார்டிக்கு அடுத்த கடிதத்திலேயே எழுதினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் ஆய்வறிக்கை தர வேண்டியிருந்தது. உதவித்தொகை என்றால் நிபந்தனையும் உண்டு.

இன்று நெட் தேர்வு வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000. இது முழுநேர ஆய்வாளருக்கு உரியது. சம்பளம் வாங்கிக்கொண்டே இதையும் பெற முடியாது. பகுதிநேர ஆய்வில் நம் சம்பளம் தொடரும். கட்டணமும் பயணச் செலவும் நம் கையிலிருந்து போகும். ஆகவே ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

பகுதிநேரப் பதிவுக்குத் துறையின் தடையின்மைச் சான்று கட்டாயம். ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் என்பதும், தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்குப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். நெறியாளர் இசைவு தந்தவுடன் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்த பிறகு கட்டணம் செலுத்துங்கள்.