பழைய கிராண்ட் பியானோவில் கட்டை எழும்பவில்லையா? எடைக்குப் போடும் முன் இதைப் பாருங்கள்

ஈசிஆரில் கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவே இருக்கிறது பாலவாக்கம். ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று. மனிதருக்குச் சுகம், தாத்தா காலத்து பியானோவுக்குத்தான் ஆகாது. ஐப்பசி மழை பிடித்ததும் சில கட்டைகள் அழுத்திய இடத்திலேயே நின்றுவிடும். ‘மெஷின் போச்சு, வித்துடலாம்’ என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். அவசரம் வேண்டாம். பல நேரம் உள்ளே எதுவும் உடைந்திருக்காது, ஊறியிருக்கும். அவ்வளவுதான்.

ஏன் ஊறுகிறது?

88 கட்டைகளும் மர நெம்புகோல்கள். முன்னால் அழுத்தினால் பின்முனை எழும்பி, சுத்தியலைத் தந்தியை நோக்கி எறியும். சுத்தியல் ஆடுவது மெல்லிய உலோக ஊசியில். ஊசியைச் சுற்றிக் கம்பளித் துணி. ஈரத்தில் துணி உப்பினால் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பியானோவுக்கு ஏற்ற ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். மழைக்காலச் சென்னையில் அது 80-ஐ சாதாரணமாகத் தாண்டும்.

வெள்ளைக்காரர்கள் இதை அறிந்தே இருந்தார்கள். வெப்பநாடுகளுக்கு அனுப்பிய பியானோக்களில் கோந்தை மட்டும் நம்பாமல் திருகாணியும் போட்டார்கள். சென்னையில் 1842-ல் மிஸ்குவித் நிறுவனமாகத் தொடங்கி, மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறிய கடை இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது.

கோளாறு எங்கே?

நின்றுபோன கட்டையின் முன்முனையை விரலால் மெல்லத் தூக்குங்கள். கனமாக, உரசிக்கொண்டு எழுந்தால் பிரச்சினை கட்டையில். பக்கத்துக் கட்டையுடன் உரசலாம், முன்பக்க மரச்சட்டம் உப்பி அழுத்தலாம், இடுக்கில் பென்சிலோ ஒரு ரூபாய் நாணயமோ கிடக்கலாம் (குழந்தைகள் உள்ள வீடு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்!). கட்டை லேசாக எழுகிறது, சத்தம் மட்டும் வரவில்லையா? நோட்டு வைக்கும் பலகையை எடுத்துவிட்டு டார்ச் அடியுங்கள். ஒரு சுத்தியல் மட்டும் வரிசையைவிட உயர்ந்து நின்றால், ஊசி இறுகியிருக்கிறது.

முதல் அடி சரி, வேகமாகத் திரும்ப அடித்தால் ஒலிக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். சுத்தியல் முழுதும் இறங்குவதற்குள் மறுபடி அடிக்க வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு பாரிஸின் எரார் நிறுவனம் 1821-ல் காப்புரிமை பெற்றது. விரலை எடுத்த பிறகும் ஒலி நீண்டால், தந்தியை அடக்கும் ஃபெல்ட் தேய்ந்திருக்கலாம், அல்லது பூச்சி அரித்திருக்கலாம்.

செய்யக்கூடாதவை

எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு தூசி சேர்ந்து பிசினாகும். கட்டைத் தொகுதியை வெளியே இழுக்கும்போது ஒரு கட்டையைத் தெரியாமல் அழுத்தினாலே எழும்பிய சுத்தியல் மேலே இடித்து முறியும். அதை டெக்னீஷியனிடம் விடுவது நல்லது. அவர் இறுகிய துளையை நூலளவு பெரிதாக்குவார், அல்லது ஊசியை மாற்றுவார்.

சுருதி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் கதை வேறு. சுமார் 230 தந்திகள், மொத்த இழுவிசை 18 டன் அளவில். அதைத் தாங்கும் முளைகள் பதிந்த மரம் விரிந்திருந்தால் செலவு பெரிது. வாங்கும் முன் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

இரவில் மட்டும் ஏசி போடுவதும் உதவாது. மரம் தினமும் சுருங்கி விரியும். 24 மணி நேரமும் ஈரப்பதம் ஒரே அளவில் இருந்தால் போதும். டீஹியூமிடிஃபையர் ஒன்றும், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் அதே அறையில் வைக்கலாம். மீட்டரை மட்டும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.