இறங்கிய கையோடு ஒரு கோல்: ரொறன்ரோவில் பெனுவா ஷெய்ரூ

ரொறன்ரோ எஃப்.சி. உதைபந்தாட்ட அணியின் பொற்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஸ்காபரோவில் முதலில் வரும் பெயர் செபஸ்தியன் ஜியோவின்கோ. அடுத்து ஜோஸி ஆல்டிடோர், மைக்கல் பிராட்லி. பெனுவா ஷெய்ரூவின் பெயரைச் சொல்லித் தொடங்குபவர்கள் மிகக் குறைவு. ஆனால் 2016இல் கனடிய அணியொன்று முதல் தடவையாக எம்.எல்.எஸ். (வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்) கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனதில், 35 வயதில் மாற்று வீரராக இறங்கிய இந்தப் பிரெஞ்சுக்காரரின் தலை பட்ட பந்துக்குப் பெரிய பங்குண்டு. அவர் யார், ஏன் இங்கே வந்தார், என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பாரிஸுக்கு அருகிலுள்ள சுரேன் என்ற ஊரில் 1981 மே 3ஆம் திகதி பிறந்தவர் ஷெய்ரூ. மூத்த சகோதரர் புருனோவும் நடுக்கள வீரர். இருவரும் லில் அணியில் ஒன்றாக ஆடினார்கள். 2002இல் புருனோ இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனார். பிரான்ஸ் தேசிய அணியிலும் இடம்பிடித்தார். தம்பிக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. ஸிடான், வியெய்ரா, மக்கெலெலே போன்றவர்கள் நடுக்களத்தை நிரப்பி வைத்திருந்த காலம் அது. பெனுவா ஷெய்ரூ பிரான்ஸின் முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார்.

கழக ஆட்டங்களில் அவர் கணக்கு வேறு. 2004இல் ஓஸேர் அணியில் சேர்ந்தார்; அடுத்த ஆண்டே அந்த அணி பிரெஞ்சுக் கிண்ணத்தை வென்றது. 2007இல் மார்செய். அங்கே 7 பருவங்கள், 200க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். மார்செய் ரசிகர்கள் லேசில் யாரையும் மன்னிப்பவர்கள் அல்லர். அங்கே ஏழு பருவம் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம். டிடியே டெஷாம் பயிற்றுவித்த காலத்தில், 2010இல், மார்செய் 18 ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றது. 2010, 2011, 2012 என்று லீக் கிண்ணமும் தொடர்ந்து மூன்று முறை கைக்கு வந்தது. அந்த அணியின் இடக்கால் நடுக்கள வீரர் ஷெய்ரூ.

நடுக்கள வீரர் என்றால் பந்தை முன்னே கொண்டுபோகிறவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஷெய்ரூவின் வேலை அதற்கும் முந்தியது. பின்கள வீரரிடமிருந்து பந்தை வாங்குவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்துவிடுவார். பந்து காலுக்கு வரும்போது அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். ஒன்று அல்லது இரண்டு தொடுகை, பந்து போய்விடும். தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்கு எதுவும் நடக்காதது போலிருக்கும். எதிரணிக்கு மட்டும் பந்தைப் பறிக்க நேரமே கிடைக்காது. வேகம் குறைந்த வயதிலும் இந்த ஆட்டம் குறையாது, ஏனென்றால் இதில் கண்ணுக்கும் நிதானத்துக்குமே வேலை அதிகம்.

மார்செய் ஒப்பந்தம் 2014இல் முடிந்தது. அரை ஆண்டு அணியில்லாமல் இருந்தவர் 2015 தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்தார். அவரைப் போன்றவர் இந்த அணிக்கு ஏன் தேவைப்பட்டார் என்பது எம்.எல்.எஸ். கணக்கு வழக்கைத் தெரிந்தால்தான் விளங்கும். இங்கே ஒவ்வோர் அணிக்கும் சம்பள வரம்பு உண்டு. 2016இல் அது ஏறத்தாழ 36 இலட்சத்து 60 ஆயிரம் அமெரிக்க டொலர். டேவிட் பெக்கம் 2007இல் வந்தபோது ஒரு விதிவிலக்கு கொண்டுவந்தார்கள். பிற்பாடு அது, அணிக்கு மூன்று வீரர்கள் வரை வரம்பை மீறிச் சம்பளம் கொடுக்கலாம் என்றானது. ரொறன்ரோவில் அந்த மூன்று இடமும் ஜியோவின்கோ, பிராட்லி, ஆல்டிடோர் ஆகியோருக்குப் போயிருந்தன. வீரர் சங்கம் வெளியிட்ட பட்டியலின்படி ஜியோவின்கோவின் ஆண்டு வருமானம் மட்டும் 70 இலட்சம் டொலருக்கு மேல். மிச்ச அணி முழுவதையும் வரம்புக்குள் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு, ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிப் பழகிய ஒருவர் கிடைப்பது அபூர்வம். அணியின் அன்றைய பயிற்றுநர் கிரெக் வானியும் பிரான்ஸில் பஸ்தியா அணிக்காக ஆடியவர். பிரெஞ்சு லீக்கில் தேறிய ஆளின் தரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

2007இல் தொடங்கிய ரொறன்ரோ எஃப்.சி., எட்டு ஆண்டுகள் இறுதிச் சுற்றுகளின் வாசலையே மிதிக்கவில்லை. 2015இல் முதல் தடவையாகத் தகுதி பெற்று, மொன்றியலிடம் 3-0 என்று தோற்று வீட்டுக்கு வந்தது. அதனால்தான் 2016இல் அதே மொன்றியலை, இரண்டு ஆட்டங்களாக நடந்த கிழக்குப் பிரிவு இறுதியில் சந்தித்தபோது இரு நகரங்களும் கொதித்தன.

முதல் ஆட்டம் நவம்பர் 22, மொன்றியல் ஒலிம்பிக் அரங்கம், 61,000க்கும் மேற்பட்ட கூட்டம். தண்ட எல்லைக் கோடுகளை அளவு குறைத்து வரைந்துவிட்டார்கள் என்று கடைசி நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். கோடுகளை அழித்துத் திரும்ப வரைந்து முடிக்க ஏறத்தாழ 40 நிமிடம் தாமதம். ஆட்டம் தொடங்கியதும் 12 நிமிடத்துக்குள் மொன்றியல் இரண்டு கோல், இடைவேளைக்குப் பின் மூன்றாவது. ஆல்டிடோரும் பிராட்லியும் ஆளுக்கொன்று திருப்பிப் போட்டதில் 3-2 என்று முடிந்தது.

நவம்பர் 30, ரொறன்ரோ பி.எம்.ஓ. மைதானம். நல்ல மழை. 90 நிமிட முடிவில் ரொறன்ரோ 3, மொன்றியல் 2. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 5-5. சமநிலையைப் பிரிக்கப் பார்க்கும், எதிரணி ஊரில் போட்ட கோல்களும் இரண்டுக்கு இரண்டு. மேலதிக நேரம் தொடங்கிச் சில நிமிடங்களில் ஜியோவின்கோவால் தொடர்ந்து ஆட முடியவில்லை. அணியின் மிகச் சிறந்த கோலடிப்பாளர் நொண்டிக்கொண்டு வெளியே போகிறார், அவர் இடத்துக்கு ஒரு 35 வயது நடுக்கள வீரர் வருகிறார். அரங்கத்தில் இருந்தவர்களின் மனநிலையைச் சொல்லத் தேவையில்லை.

98ஆவது நிமிடம். பக்கவாட்டிலிருந்து பந்து உயர்ந்து வருகிறது. இறங்கிய கையோடு தண்ட எல்லைக்குள் ஓடியிருந்த ஷெய்ரூ தலையால் முட்டினார், கோல். வாழ்நாள் முழுக்கப் பந்தை மற்றவருக்குக் கொடுத்தே பழகிய மனிதர், அந்த நேரத்தில் கோலின் முன்னால் நின்றார். மொன்றியல் தடுமாறி நிற்கையிலேயே 100ஆவது நிமிடத்தில் டோசான்ட் ரிக்கெட்ஸ் இன்னொன்று. 5-2. மொத்தம் 7-5.

இறுதியாட்டம் டிசம்பர் 10, அதே மைதானம், உறையும் குளிர். சியாட்டில் அணி 120 நிமிடமும் கோலை நோக்கி ஒரு பந்துகூடச் சரியாக அடிக்கவில்லை; ஆனாலும் 0-0 ஆகி, தண்ட உதையில் 5-4 என்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. மேலதிக நேரத்தில் ஆல்டிடோர் தலையால் முட்டிய பந்தை ஒற்றைக் கையால் தட்டிய பந்துக்காப்பாளர் ஸ்டெபான் ஃபிரை ஒருகாலத்தில் ரொறன்ரோவின் ஆள் என்பது ரசிகர்களுக்கு இன்னும் வலிக்கும்.

2017இல் விக்டர் வாஸ்கெஸ் வந்ததும் ஷெய்ரூவுக்கு ஆடும் நேரம் குறைந்தது. அணியோ கனடியக் கிண்ணம், 69 புள்ளிகளுடன் பருவ முதலிடம், சியாட்டிலை 2-0 என்று வென்று எம்.எல்.எஸ். கிண்ணம் என மூன்றையும் ஒரே ஆண்டில் அள்ளியது. அதற்கு முன் எந்த அணியும் இதைச் செய்ததில்லை. அந்தப் பருவத்தோடு ஷெய்ரூ விடைபெற்றார்.

மாற்று வீரர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பிரெஞ்சு நடுக்கள வீரரைச் சொல்லாமல் விட மனமில்லை. மொரீசியஸ் வழிவந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளை விகாஷ் தொரசூ. 2006 உலகக் கிண்ணத்துக்குப் போய், இரண்டு ஆட்டங்களில் சில நிமிடங்கள் மட்டும் களம் கண்டார். மிச்ச நாட்களின் தனிமையைச் சிறிய கமராவில் தானே பதிவு செய்தார். அது ‘சப்ஸ்டிடியூட்’ என்ற ஆவணப்படமாக வந்தது. தொரசூவுக்கு அன்று சரியாகக் கிடைக்காத வாய்ப்பு ஷெய்ரூவுக்கு 35 வயதில் கிடைத்தது.

ரொறன்ரோவுக்கு வேறு பிரெஞ்சு வீரர்களும் வந்ததுண்டு: லொறான் ரொபேர் வந்தார், நிக்கொலா பெனெஸே வந்தார். திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இந்த அணிக்கு ஷெய்ரூவைவிடப் பயன்பட்ட பிரெஞ்சுக்காரர் எவருமில்லை என்பதே என் முடிவு.

கோடை வந்ததும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் பழைய மாணவர் சங்கங்களின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் தொடங்கிவிடும். ஷெய்ரூவை நினைவில் வைத்து, பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: வாங்கிலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிடாதீர்கள். எதிரணியின் பின்களத்தில் எந்தப் பக்கம் இடைவெளி விழுகிறது என்று கேளுங்கள். அவன் சரியாகப் பதில் சொன்னால் அடுத்த மாற்றத்தில் அவனை இறக்குங்கள்.