எட்டாத கை மீண்டும் எட்டுமா?

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தென்னை ஏறும் தொழிலாளிக்குக் காலில் தளை வேண்டும். இடுப்பில் அரிவாள் வேண்டும். இவ்விரண்டையும்விட முக்கியமாகத் தோளில் பலம் வேண்டும். தளை அறுந்தால் வேறொன்று திரித்துக் கொள்ளலாம். தோளுக்குள் இருக்கும் தசைநார் அறுந்தால்?

வைத்திய சாஸ்திரம் இன்று இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறது. அறுந்த இடத்தில் வேறொரு திசுவை ஒட்டுப் போடுவதே அது.

நான்கு நார்கள்

புஜ எலும்பின் உருண்டைத் தலையை நான்கு தசைநார்கள் தொப்பி போல் மூடிப் பிடித்திருக்கின்றன. கையைத் தூக்கும்போது உருண்டை மேலே நழுவாமல் காப்பவை இவையே. கீழே விழுந்தாலோ, பெருஞ்சுமையைச் சட்டென்று தூக்கினாலோ இவை கிழியலாம். வயதாக ஆக நைந்து கிழிவதும் உண்டு. பிறகு இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. தலை வாரக் கை எழாது. பிறர் தூக்கிவிட்டால் மேலே போகும், தானாகப் போகாது.

"சுளுக்குத்தானே!" என்று தைலம் தேய்த்தபடி மாதக்கணக்கில் இருந்துவிடுவோர் பலர். ஆபத்து அங்கேதான். அறுந்த நார் சுருங்கி உள்ளே போய்விடுகிறது. வேலையற்ற தசை மெள்ள மெள்ளக் கொழுப்பாகிறது. அதன்பின் இழுத்துத் தைத்தாலும் தையல் நிற்பது அரிது.

தொடையிலிருந்து தோளுக்கு

இத்தகைய நோயாளிகளுக்கு ஜப்பானிய டாக்டர் தெருஹிஸா மிஹாதா 2007-இல் ஒரு புதிய முறையைக் கையாண்டார். நோயாளியின் தொடையிலுள்ள உறுதியான சவ்வை எடுத்து, மடித்துத் தடிமனாக்கி, ஒரு முனையைத் தோள்குழியின் மேல்விளிம்பிலும் மறுமுனையைப் புஜ எலும்பிலும் பொருத்தினார். மேலே நழுவும் உருண்டையை இந்த ஒட்டு அமுக்கிப் பிடித்துக் கொள்கிறது. 23 நோயாளிகளின் 24 தோள்களில் கண்ட பலனை 2013-இல் வெளியிட்டார். சராசரியாக 84 டிகிரியே எழுந்த கை, 148 டிகிரி வரை எழுந்தது! தோள்மட்டத்தைக்கூட எட்டாத கை, தலைக்கு மேல் போயிற்று.

இறந்தோர் தானமளித்த தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சும் சவ்வை ஒட்டாக்கும் முறை அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. பன்றிக்குடல் சவ்வையும் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. சிலருக்குத் தோள் வீங்கியும்விட்டது. இந்தியாவில் 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டு, திசு தானமும் அதில் சேர்க்கப்பட்டது.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. மூட்டே தேய்ந்து போனவர்களுக்குச் செயற்கை மூட்டுத் தேவைப்படலாம். ஒட்டுப் போட்டவரும் சில வாரம் கையைத் தொட்டில் கட்டிக் கொள்ள வேண்டும்; பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆகவே, விழுந்தபின் கை எழவில்லையென்றால் உடனே எலும்பு வைத்தியரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம். உரிய காலத்தில் போனால், ஒட்டே இல்லாமல் தையலோடு காரியம் முடியக்கூடும். தேங்காய் வெட்டு நாலு நாள் பொறுக்கும். அறுந்த நார் பொறுக்காது.