பின்னால் நின்று வாசித்த அண்ணன்

ஏசி/டிசி என்றால் நம்மில் ரயில்வேக்காரர்களுக்குப் பம்பாய் ஞாபகம்தான் வரும். 1925ல் முதல் மின்சார ரயில் ஓடிய நாளிலிருந்து பம்பாய்ப் பகுதியில் 1500 வோல்ட் டிசி. பிற்பாடு மற்ற இடங்களில் வந்ததோ 25,000 வோல்ட் ஏசி. விராரைத் தாண்டிப் போக வேண்டுமானால் இரண்டிலும் ஓடக்கூடிய எஞ்சின் தேவைப்பட்டது. அதற்கென்றே சித்தரஞ்சனில் தனி ரகம் செய்தார்கள். 2016ல் பம்பாயின் டிசி மின்பாதைகள் எல்லாம் ஏசிக்கு மாறி முடிந்துவிட்டன. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் இந்தக் கதை ஒன்றும் தெரியாது. ஏசி/டிசி என்பது அவர்களுக்கு ஒரு ராக் இசைக்குழு. நான் எழுத வந்தது அந்தக் குழுவைப் பற்றி. குறிப்பாக, ஆரம்பித்து 35 வருஷம் கழித்து, 2008 அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட 'பிளாக் ஐஸ்' என்ற ஆல்பத்தைப் பற்றி.

பெயருக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தம் உண்டு. குழுவை ஆரம்பித்த மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற சகோதரர்களின் அக்கா மார்கரெட், தையல் மிஷினில் 'ஏசி/டிசி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்ன பெயர் அது. தையல் மிஷினில் இருப்பது சீரீஸ் மோட்டார். மின்னோட்டத்தின் திசை மாறினால் காந்தச் சுருளிலும் ஆர்மேச்சரிலும் ஒரே சமயத்தில் மாறுவதால், சுழலும் திசை மட்டும் மாறாது. ஆகையால் எந்த மின்சாரம் கொடுத்தாலும் ஓடும். அக்காவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, பெயர் பொருந்திவிட்டது.

இவர்கள் ஆஸ்திரேலியக் குழு என்று பெயரே தவிர, பிழைக்கப் போன குடும்பம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து 1963ல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலில் தங்கியது வில்லாவுட் என்ற இடத்தில் வந்தேறிகளுக்கென்று அரசாங்கம் நடத்திய விடுதியில். மூத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ், அதே விடுதியில் பழக்கமான டச்சுக்காரப் பையன் ஹாரி வாண்டா முதலானவர்களோடு 'ஈஸிபீட்ஸ்' என்ற குழு அமைத்து 1966ல் உலகப் புகழ் பெற்றார். தம்பிகளுக்கு வழிகாட்டியும் அவர்தான். 'பிளாக் ஐஸ்' பதிவானபோது இருந்த ஐந்து பேரில் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் டிரம்ஸ் வாசித்த பில் ரட் ஒருவரே. பாடகர் பிரையன் ஜான்சனும், பேஸ் கிட்டார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள். முந்தைய பாடகர் பான் ஸ்காட்டும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் 1980 பிப்ரவரியில் லண்டனில் இறந்துபோக, அதே வருஷம் ஜான்சனை வைத்து 'பேக் இன் பிளாக்' வெளியிட்டார்கள். உலகில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் அது ஒன்று.

இந்த இசை வெறும் இரைச்சல் என்பது பெரியவர்கள் கட்சி. இரைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரைச்சல் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் பொறுமை வரும். மின்கிட்டாரில் எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தம். அதைச் சுற்றித் தாமிரக் கம்பிச் சுருள். கம்பி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்னழுத்தம் உண்டாகும். டைனமோ தத்துவமேதான். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்குகிறது. வால்வு ஆம்ப்ளிஃபையரை அதன் சக்திக்கு மேல் ஓட்டினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டு, மூல ஸ்வரத்தோடு அதன் மேல் அதிர்வுகளும் கிளம்பிக் கரகரக்கும். பழைய வால்வு ரேடியோவின் வால்யூமை முழுக்கத் திருகிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கரகரப்பு மிஞ்சினால் பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்ட முடியாது, குழம்பிப் போகும். அதனால் ஹார்ட் ராக்கில் பெரும்பாலும் ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். நம் தம்புராவில் இருக்கும் அதே இரண்டுதான்!

மால்கம் இதில் தனி வழி வைத்திருந்தார். கரகரப்பைக் குறைத்துக்கொண்டு, தடித்த கம்பிகளைப் போட்டு, ஓங்கி மீட்டுவார். அவருடைய கிரெட்ச் கிட்டார் 1963ல் செய்யப்பட்டது. அதிலிருந்த பிக்கப்களில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றதைக் கழற்றி எறிந்தார். பெயின்டையும் சுரண்டிவிட்டார். தேவையில்லாத உறுப்பு எதுவும் மிஷினில் இருக்கக்கூடாது என்ற கட்சிக்காரர் போலிருக்கிறது. எனக்குப் பிடித்த ஆசாமி. இப்படி வாசிப்பதால் முழு ஸ்வரக் கூட்டும் தெளிவாகக் காதில் விழும். ஒரு மீட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள மௌனமும் சேர்ந்து கேட்கும்.

மேடையில் தம்பி ஆங்கஸ் பள்ளிக்கூடச் சீருடையும் அரை டிராயருமாக ஓடுவார், உருளுவார். கூட்டத்தின் கண் எல்லாம் அவர் மேல். அண்ணன் பின்னால் நிற்பார். கூட்டுக்குரல் வரும் இடத்தில் முன்னே வந்து பாடிவிட்டுப் பழையபடி பின்னால் போய்விடுவார். ஆனால் குழுவை நடத்தியவர் அண்ணன்தான் என்று தம்பியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

'பிளாக் ஐஸ்' ஆல்பத்தைக் கனடாவின் வான்கூவரில் 2008 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் பிரெண்டன் ஓபிரையன். முந்தைய ஆல்பம் வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மால்கமுக்கு வயது 55, ஆங்கஸுக்கு 53. பாடகர் 60ஐத் தாண்டுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மைக் முன் நின்றார் என்று நினைக்க வேண்டாம், அந்த அக்டோபரில் அவருக்கு 61. அமெரிக்காவில் இதை வால்மார்ட் கடைகளிலும் அதன் துணைக் கடைகளிலும் குழுவின் சொந்த இணையதளத்திலும் மட்டுமே விற்றார்கள். முதல் வாரத்தில் அங்கே மட்டும் 7,84,000 பிரதிகள் போயின. 29 நாடுகளில் முதலிடம். இதிலுள்ள 'வார் மெஷின்' பாட்டுக்கு 2010ல் கிராமி விருது கிடைத்தது.

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். மொத்தம் 15 பாட்டு, சுமார் 55 நிமிஷம். நாலைந்தைக் கழித்திருக்கலாம். நான்கு பாட்டுகளின் தலைப்பிலேயே 'ராக்' என்ற சொல் வருகிறது; தலைப்புக்குக்கூட பஞ்சமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் 'ராக் அண்ட் ரோல் டிரெய்ன்' என்ற முதல் பாட்டு ஒன்றே போதும், காசு செரித்துவிடும். 'ஸ்டார்மி மே டே'யில் ஆங்கஸ் கம்பியின் மேல் குழலை வழுக்கி வாசிக்கிறார். அவர் வழக்கமாகச் செய்யாத காரியம்.

முதல் பாட்டை ஒட்டி, சுற்றுப்பயண மேடையில் ஒரு பெரிய நீராவி எஞ்சினையே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏசியும் இல்லை, டிசியும் இல்லை, நிலக்கரி! 2008 அக்டோபரில் தொடங்கிய பயணம் 2010 ஜூனில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் முடிந்தது. 2009 டிசம்பரில் பியூனஸ் அயர்ஸ் நகரின் ரிவர் பிளேட் ஸ்டேடியத்தில் நடந்த மூன்று கச்சேரிகள் படமாகவே வந்திருக்கின்றன.

அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அண்ணனைக் கவனிக்க வேண்டும். அவருக்கு ஞாபக மறதி நோய் அப்போதே ஆரம்பித்திருந்தது. ஆல்பம் செய்யும் நாட்களிலேயே அறிகுறிகள் தெரிந்ததாகவும், பயணத்தின்போது, தானே உண்டாக்கிப் பல ஆண்டுகள் வாசித்த பாட்டுகளை அவர் திரும்பவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததாகவும் ஆங்கஸ் பின்னாளில் சொன்னார். கச்சேரிக்கு முன் உட்கார்ந்து பயிற்சி, பிறகு மேடை. படத்தில் பார்த்தால் கை தடுமாறுவதாக எனக்குத் தெரியவில்லை. தாளம் இம்மியும் பிசகவில்லை. முன்னால் ஓடிக்கொண்டிருந்த தம்பிக்கு மட்டும் விஷயம் தெரியும்.

2014ல் மால்கம் குழுவிலிருந்து விலகினார். அவர் வாசித்த கடைசி ஆல்பம் 'பிளாக் ஐஸ்' ஆகிவிட்டது. அந்த வருஷம் வந்த 'ராக் ஆர் பஸ்ட்' ஆல்பத்தில் அவர் இடத்தில் வாசித்தவர் அண்ணன் மகன் ஸ்டீவி. 1988ல் மால்கம் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டபோதும் சித்தப்பாவுக்காக அமெரிக்கப் பயணத்தில் வாசித்துக் கொடுத்தவர் இவரே. ஜார்ஜ் 2017 அக்டோபர் 22ம் தேதி காலமானார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 18ம் தேதி மால்கம் போனார்; வயது 64. இரண்டு அண்ணன்மார் நாலு வாரத்துக்குள்.

2020 நவம்பரில் 'பவர் அப்' வந்தது. காது கேளாமையால் 2016ல் பயணத்தை நிறுத்த நேர்ந்த பாடகர் ஜான்சனும் திரும்பியிருந்தார். ஆல்பம் மால்கமுக்குச் சமர்ப்பணம். எல்லாப் பாட்டுக்கும் 'ஆங்கஸ் யங், மால்கம் யங்' என்றே பெயர் போட்டிருக்கிறது. இறந்தவர் பெயரை மரியாதைக்காகப் போட்டதல்ல. 'பிளாக் ஐஸ்' காலத்தை ஒட்டி அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்டு, பயன்படாமல் மிஞ்சிப்போன மெட்டுகள் ஏராளமாக இருந்தன. அவற்றை எடுத்துத்தான் ஆங்கஸ் பாட்டுகளை முடித்தார்.